இரு வாசல் கொண்ட கணிப்பொறி

காயல்பட்டினத்துப் பழைய தெருக்களில் நடந்தோர் அங்குள்ள வீடுகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு என்பதைக் கண்டிருப்பர். ஒன்று தெருவை நோக்கியது. மற்றொன்று வீடுகளுக்கிடையே ஓடும் முடுக்கினுள் திறப்பது. ஆடவர் தெருவாசல் வழியே பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் வெளியூருக்கும் செல்வர். பெண்டிர் முடுக்கு வழியே உறவினர் இல்லங்களுக்குச் சென்று மீள்வர். இரு வாசல் இருந்தமையால் அவ்வீட்டார் வழி தடுமாறினர் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. எங்குச் செல்ல எந்த வாசல் என்பது அவ்வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறியைப் பற்றி எழுத வந்தவன் வீட்டு வாசலில் நிற்பதேன் என்று கேட்கலாம். ஒரு கணிப்பொறிக்கு இரண்டு வாசல் இருந்தமையால், அவற்றுள் ஒன்றை அடைத்துவிடுவதே நன்று என்று முடிவு செய்த ஓர் அவையை நான் அறிவேன். அம்முடிவு பிழையானது என்பது என் கருத்து. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கருத்து மாறவில்லை. அதே பிழை இன்றும் வேறு உருவில் நிகழக் காண்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

2002ஆம் ஆண்டில் நான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. எங்கள் துறைக்கு அப்போதுதான் ஒரு கணிப்பொறி வந்தது. விண்டோஸ் 98 கொண்டது. அதன் முதுகில் இரு வடங்கள் செருகப்பட்டிருந்தன. ஒன்று தடித்த வடம். அது கல்லூரிப் பிணையத்தைச் சேர்ந்தது. அதன் வழியே துறை அலுவலகத்து அச்சுப்பொறியையும் அடுத்த கட்டிடத்தில் இருந்த நூலகத்தின் நூற்பட்டியலையும் எட்டலாம். மற்றொன்று மெல்லிய தொலைபேசிக் கம்பி. அது மோடத்திற்குரியது, எண்ணைச் சுழற்றி இணையத்தைத் தொடுவதற்கு ஆனது. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது முதல் பல்லாண்டுகள் பெரும்பாலோர்க்குக் கிட்டியது இந்தத் தொலைபேசி வழி ஒன்றே.

இரண்டும் எங்களுக்கு வேண்டியிருந்தன. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்வோர்க்கு நூலகப் பட்டியல் இன்றியமையாதது. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என விரியும் அவ்வகை நூல்களுள் பல மறுபதிப்புக் காணாதவை. எது எந்த அலமாரியில் உறங்குகிறது என்பதைப் பட்டியலே சொல்லும். இணையமோ 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும், 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் பாடங்களையும் தந்தது. ஒன்றில் தேடி மற்றொன்றில் ஒப்பிடுவதே எங்கள் வேலை.

இடர் எழுந்தது அங்கேதான். மோடம் கீச்சிட்டு இரைந்து இணையத்தைப் பற்றியவுடன் நூலகப் பட்டியல் மறைந்துவிடும். தொலைபேசியைத் துண்டித்தால் மீண்டும் தோன்றும். இதில் ஒரு விந்தையும் உண்டு. இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்து அச்சுப்பொறி தடையின்றி இயங்கியது. நூலகம் மட்டும் காணாமற் போயிற்று. இரண்டும் ஒரே வடத்தின் வழியே வருபவை அல்லவா? அச்சுப்பொறி வேலை செய்ய, நூலகம் ஏன் செய்யவில்லை என்ற வினாவை அன்று எவரேனும் ஒரு நாழிகை சிந்தித்திருந்தால் விடை கிடைத்திருக்கும். எவரும் சிந்திக்கவில்லை, நானும்தான்.

பழுது பார்க்க வந்த இளைஞர், "சார், ரெண்டும் சேர்ந்து ஓடாது. ஏதாவது ஒண்ணை வெச்சுக்குங்க" என்று துறைத்தலைவரிடம் கூறிச் சென்றார். செய்தி குழுவிற்குப் போயிற்று. குழுவில் இருந்தோர் நல்லவர்கள். கல்விக்காகக் கைப்பொருளை ஈந்தவர்கள். தமிழ் பயில்வோர்க்கு நூலகம் போதும், இணையம் எதற்கு என்று அவர்கள் கருதினர். மோடம் அட்டை கழற்றப்பட்டு அலுவலகத்து நிலைப்பேழைக்குள் சென்றது. தொலைபேசிக் கம்பி சுருட்டி ஆணியில் மாட்டப்பட்டது.

எனக்கு இதனால் பெருந்துன்பம் ஏதும் இல்லை. மாலையில் கடைவீதிக்குச் சென்று பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து அமர்ந்துகொண்டேன். என்னுடன் பயின்ற மாணவியர் இருவரால் அது இயலவில்லை. பலகைத் தடுப்பு வைத்த அச்சிற்றறைகளுக்குத் தம் பெண்மக்களை அனுப்ப எந்த வாப்பாவும் அன்று ஒப்பவில்லை. அவர்களைக் குறை கூறவும் நான் முன்வரேன். அவ்விருவருள் ஒருவர் தம் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டார். ஒரு கம்பியைச் சுருட்டி மாட்டியதன் விளைவு யார் தலையில் விடிந்தது என்பதைக் குழு அறியவே இல்லை. அறிவிப்பாரும் இல்லை.

மறு ஆண்டு, என் ஆய்வேட்டை அளித்த பின்னர், விடுதியில் தங்கியிருந்த கணிப்பொறியியல் மாணவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதனைக் கூறினேன். அவர் சிரித்தார். "காக்கா, ரெண்டும் ஓடும். எது எங்கே போகணும்னு அதுக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்" என்றார். கால்மணி நேரத்தில் தாளில் வரைந்து காட்டினார். அவர் காட்டியதை என் மொழியில் சொல்கிறேன்.

பிணையத்தில் சேர்ந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் கதவிலக்கம் போல ஓர் எண் முகவரி உண்டு. எங்கள் பொறிக்கு வடத்தின் பக்கம் 192.168.1.25 என்பது முகவரி. அச்சுப்பொறிக்கும் 192.168.1 என்றே தொடங்கும் முகவரி. ஆகவே அது அதே தெருவில் உள்ள வீடு. நூலகச் சர்வரின் முகவரியோ 192.168.2.10. மூன்றாம் எண் மாறியதைக் காண்க. அது அடுத்த தெரு. அங்குச் செல்ல 192.168.1.1 என்னும் எண்ணுடைய வாயிலைக் கடந்தாக வேண்டும். தொலைபேசி வழி இணைந்தபோதோ, இணையச் சேவையாளர் அந்த அழைப்பிற்கு மட்டும் வேறொரு முகவரியைக் கொடுப்பார். துண்டித்தால் அது போய்விடும். திருமண வீட்டில் கையில் கொடுக்கும் சாப்பாட்டுச் சீட்டு போன்றது அது.

இனி, பொறியினுள்ளே ஒரு வழிப்பட்டியல் உண்டு. எந்த முகவரிக்குச் செல்ல எந்த வாசல் என்று அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத முகவரிகள் அனைத்திற்கும் பொதுவாக ஒரு வாயில் குறிக்கப்பட்டிருக்கும். அதனை ஆங்கிலத்தில் டிஃபால்ட் கேட்வே என்பர். வணிகப் பெரியோர் இச்சொல்லைக் கேட்டு மருள வேண்டா. வங்கியில் டிஃபால்ட் என்றால் தவணை தவறியவன். கணிப்பொறியிலோ, வேறொன்றும் சொல்லாதவிடத்துக் கொள்ளப்படுவது என்று பொருள். 'பொது வாயில்' என்று நான் வழங்குகிறேன்.

பொது வாயில் ஒரு நேரத்தில் ஒன்றாகவே பயன்படும். இதுவே நுட்பம். வடம் மட்டும் இருந்தபோது 192.168.1.1 பொது வாயிலாக இருந்தது. நூலகத்திற்குச் செல்வன அதன் வழியே சென்றன. மோடம் இணைந்தவுடன், தொலைபேசிக்கு அப்பாலுள்ள வாயிலைப் பொது வாயிலாக்கு என்னும் கட்டத்தில் குறி இடப்பட்டிருந்தமையால், விண்டோஸ் புதியதற்கு முதலிடம் தந்து பழையதை இரண்டாமிடத்திற்குத் தள்ளிவிட்டது. நூலகத்தைத் தேடிய பொதிகள் அனைத்தும் தொலைபேசி வழியே வெளியே போயின. 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்வீட்டுப் பயன்பாட்டிற்கென வகுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழியில்லை. ஆகவே அப்பொதிகள் வெளியிலேயே வீணாயின. அச்சுப்பொறி ஒரே தெருவில் இருந்ததால் பொது வாயிலே அதற்கு வேண்டியிருக்கவில்லை. அது ஓடியதன் காரணம் அதுவே.

காயல்பட்டினத்து வீட்டையே எண்ணிப் பாருங்கள். பெரியம்மா வீட்டிற்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புகிறார்கள். பிள்ளை வழக்கம்போல முடுக்கில் இறங்கப் போகிறான். புதிதாக வந்த விருந்தாளி ஒருவர், இனி எல்லோரும் தெருவாசல் வழியேதான் போக வேண்டும் என்று கூறிவிடுகிறார். பிள்ளையும் சொற்படி தெருவில் இறங்கி நேரே நடக்கிறான். வட்டிலப்பம் பேருந்து நிலையம் போய்ச் சேர்கிறது. இதற்குத் தீர்வு முடுக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைப்பதா? பெரியம்மா வீட்டிற்கு மட்டும் முடுக்கு வழியே போ என்று பிள்ளைக்கு ஒரு சொல் சொல்வதா?

அந்த ஒரு சொல் கணிப்பொறியில் ஒரு வரிக் கட்டளை. 192.168.2 என்று தொடங்குவன அனைத்திற்கும் 192.168.1.1 வழியே செல்க என்று வழிப்பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும். எஞ்சிய உலகம் முழுதும் தொலைபேசி வழியே போகும். பொறியை அணைத்து எழுப்பினால் அவ்வரி மறைந்துவிடும் என்பதால், அதனை ஒரு சிறு கோப்பில் எழுதித் தொடக்கக் கோப்புறையில் வைத்துவிடலாம். நூலகத்தை எண்ணால் அன்றிப் பெயரால் அழைப்பதாயின், அப்பெயரை வெளியிலுள்ள பெயர்ச் சேவையகம் அறியாது. அதற்கும் ஹோஸ்ட்ஸ் என்னும் கோப்பில் ஒரு வரி. ஆக இரண்டு வரிகள். அந்த இரண்டு வரிகளுக்காக ஒரு துறையின் இணையம் கழற்றப்பட்டது.

இவ்விடத்தில் குழுவினர்க்கு நீதி செய்ய வேண்டும். இரு வாசலும் திறந்திருந்தால் அந்நியர் நுழைந்துவிட மாட்டார்களா என்று பெரியவர் ஒருவர் அன்று கேட்டதாகப் பின்னர் அறிந்தேன். அக்கேள்வி வெறும் அச்சமன்று. பழுது பார்க்க வந்தவரை விட அப்பெரியவர் நுட்பமாகவே சிந்தித்திருக்கிறார். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் கோப்பு, அச்சுப்பொறி ஆகியவற்றைப் பிறருடன் பகிரும் வசதி உண்டு. கல்லூரிக்குள் அது பெருநன்மை. ஆனால் கவனிக்காதுவிட்டால் அவ்வசதி பிணைய அட்டையோடு நில்லாது தொலைபேசி இணைப்போடும் பிணைக்கப்பட்டுவிடும். அப்படியாயின், உள்ளே சக ஆசிரியருக்கெனத் திறந்து வைத்த கோப்புறை வெளியே உலகிற்கும் திறந்து கிடக்கும். எங்கள் துறைப் பொறியில் அத்தகைய கோப்புறையில் தேர்வு வினாத்தாள்கள் இருந்தன என்பதை இப்போது எண்ணினாலும் உடல் நடுங்குகிறது. கடவுச்சொல் இட்டிருந்தாலும் முழுக் காப்பில்லை. அக்கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையிலேயே ஓட்டை இருந்தது. 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

இதற்கும் மருந்து ஒரு கட்டத்தில் உள்ள குறியை எடுப்பதே. தொலைபேசி இணைப்பின் பக்கத்தில் பகிர்தல் வசதியை அவிழ்த்துவிட்டு, வடத்தின் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தெருவாசலுக்குத் தாழ், முடுக்கு வாசலுக்குத் திரை. பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இருந்தது. அதைச் சொல்லத் தெரிந்தவர் அவையில் இல்லை.

இன்னொன்று. நூலகப் பக்கத்தைத் திறக்கவே மோடம் தானாக எண்ணைச் சுழற்றி அழைக்கத் தொடங்கும். தொலைபேசிக் கட்டணம் ஏறும். எப்போதும் அழை என்றிருப்பதை, அழைக்கவே வேண்டா என்று மாற்றி, வேண்டும்போது நாமே அழைத்துக்கொண்டால் அதுவும் தீரும்.

இனி, என் இனத்தாராகிய தமிழாசிரியர்கள் மீதே ஒரு குறை உண்டு. அதே காலத்தில் நாம் கலைச்சொற்களைப் பற்றி ஓயாது வாதிட்டோம். மோடம் என்பதா, இணக்கி என்பதா, பண்பேற்றி பண்பிறக்கி என்பதா? டிஃபால்ட் என்பதற்கு முன்னிருப்பா, இயல்பிருப்பா, கொடாநிலையா? கருத்தரங்குகளில் தேநீர் ஆறிப்போகும் அளவிற்குப் பேசினோம். சொல்லாக்கம் வேண்டாம் என்பதன்று என் கருத்து. அது நம் கடமை. ஆனால் எந்தப் பொருளுக்குச் சொல் தேடுகிறோமோ அப்பொருள் நம் மேசை மேலேயே செயலற்றுக் கிடந்ததே, அதைத் திறந்து பார்த்தோமா? பொது வாயில் ஒன்றாகத்தான் இயங்கும் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதியிருந்தால், முன்னிருப்பு எனினும் கொடாநிலை எனினும் மாணவர்க்குப் பொருள் விளங்கியிருக்கும். சொல்லைக் கொடுத்தோம், பொருளைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிட்டோம். அவர் இரண்டும் ஓடாது என்றார்; நாம் தலையசைத்தோம்.

தொலைபேசி வழி இணையம் இன்று பழங்கதை. நொடிக்கு 56 ஆயிரம் பிட் என்பதே அதன் உச்சம். அதற்கான பொது நெறியாகிய வி.90 வந்தது 1998இல். அமெரிக்காவில் அதனைப் பெருமளவில் பரப்பிய ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025 செப்டம்பர் 30ஆம் நாளோடு அச்சேவையை நிறுத்திக்கொண்டது. ஆகவே இக்கட்டுரை காலங்கடந்தது என்று இளைஞர் எண்ணக்கூடும்.

அவ்வாறன்று. இன்று நம் மாணவர் மடிக்கணினியில் கல்லூரி வடத்தையும் செருகிக் கைப்பேசியின் இணையத்தையும் சேர்க்கின்றனர். இரண்டும் ஆளுக்கொரு பொது வாயிலைக் கொண்டு வருகின்றன. எது மதிப்பெண் குறைந்ததோ அதற்கே பொறி முதலிடம் தருகிறது. கைப்பேசி முந்திக்கொண்டால் கல்லூரியின் உட்பக்கம் வாராது. வடம் முந்திக்கொண்டால், கல்லூரி தடுத்துள்ள பக்கம் வாராது. வீட்டிலிருந்தபடியே நூலகத்தை அடைய வி.பி.என். என்னும் மறைவழியைத் தொடுப்போர்க்கும் இதே கதை. அவ்வழியைத் தொடுத்தவுடன் அப்பொறியின் இணையப் போக்குவரத்து முழுதும் கல்லூரி வழியே சுற்றி வருகிறது. அதனை ஆளும் கட்டம், 2002இல் எங்கள் தொலைபேசி இணைப்பில் இருந்த அதே கட்டம், அதே ஆங்கிலச் சொற்களோடு இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது. ரூட் பிரிண்ட் என்று தட்டச்சிட்டால் அன்று தோன்றிய வழிப்பட்டியலே இன்றும் தோன்றுகிறது. அறிவுரையும் மாறவில்லை. சென்ற ஆண்டு மாணவி ஒருவர் தம் மடிக்கணினியைக் காட்டி, "சார், ரெண்டும் ஒண்ணா ஓடாதாம், கடையில சொன்னாங்க" என்றபோது, நான் 2002இன் நாற்காலியில் மீண்டும் அமர்ந்திருந்தேன்.

எனவே நிருவாகத்தாரிடமும் துறையினரிடமும் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். முதுகலை மாணவர்க்கு ஆராய்ச்சி நெறிமுறைகள் கற்பிக்கிறோம். அடிக்குறிப்பு இடுவதற்கு எத்தனை வகுப்புகள் செலவிடுகிறோம்! அதில் நான்கு வகுப்புகளை ஒதுக்கி, தாம் ஆய்வு செய்யும் பொறியின் முகவரி எது, வாயில் எது, எந்த வழி எங்குச் செல்கிறது என்பதைத் தமிழில் கற்பிக்க வேண்டும். கணிப்பொறியியல் துறையினர் வந்து கற்பித்தால் மகிழ்ச்சி. எங்கள் ஆசிரியர்களும் உடன் அமர்ந்து கேட்க வேண்டும். அடுத்து, எந்தத் துறையிலிருந்தும் ஓர் இணைப்பைக் கழற்றுவது என்று முடிவு செய்யும் முன், அப்பொறியின் வழிப்பட்டியலை அச்சிட்டு அவையின் முன் வைக்க வேண்டும். மருத்துவர் சோதனைத் தாளைப் பாராமல் கைகாலை எடுப்பாரா? மேலும், அதனால் பாதிக்கப்படுவோர் யார் என்பதையும் கேட்க வேண்டும், குறிப்பாக மாணவியரை.

இதெல்லாம் தமிழாசிரியன் வேலையா என்று மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் வினவினார். ஓலையை வாரி எழுத்தாணி கொண்டு கீறுவதும், மை தடவித் துடைப்பதும் புலவர் வேலையா என்று அக்காலத்தில் எவரேனும் கேட்டிருப்பரா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் விடையளிக்கவில்லை, ஆனால் மறுநாள் தம் அறைப் பொறியின் முகவரி என்ன என்று கேட்டு ஆளனுப்பினார்.

நம் துறையில் இப்போது ஆறு கணிப்பொறிகள் உள்ளன. ஒவ்வொன்றின் முகவரியையும், அதன் பொது வாயிலையும், நூலகத்திற்குத் தனியே சேர்த்த வழியையும், கைப்பேசி இணைப்பைச் சேர்த்தால் செய்ய வேண்டியதையும் தமிழில் எழுதி, துறை அலுவலக மேசையின் இரண்டாம் இழுப்பறையில் ஒரு குறிப்பேடாக வைத்திருக்கிறேன். நீல அட்டை போட்டது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். பிழையிருந்தால் பென்சிலால் திருத்தி, தேதியிட்டு வைக்க வேண்டுகிறேன்.